காலியிட அறிவிப்பு

கூரம்பின் ஊர்மன்றத்தில்
கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
யார் தேநீருக்குப் பிறகு திரும்பி வரவில்லை.
இதையும் அப்படியே எழுதுகிறேன்.

ஆப்ரி, ஐந்தாம் ஸ்கெல்தோர்ப் பிரபு.
முதலாமவருக்குக் கல்கத்தாவில் சணல் ஆலை;
எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது
அந்தக் குடும்பம் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு.
நாலாமவர் வாரிசில்லாமல்
குளியலறையில் வழுக்கி விழ,
பட்டம் கடல் தாண்டி
விம்மெராவின் கோதுமைக் காட்டுக்கு வந்தது.
தந்தி வந்த நேரம் இவர்
செம்மறிக் கிடா ஒன்றைத் தொடைக்கிடையில் இடுக்கிக்
குளம்பு சீவிக்கொண்டிருந்தாராம்.
"இன்னும் ரெண்டு கால் இருக்கு" என்றாராம்
தந்திக்காரரிடம்.

லண்டனில் சிவப்புத் தோல் இருக்கை.
அறுப்பு முடிந்த மாதங்களில் மட்டும் போவார்.
பத்தொன்பது வருடத்தில் ஏழு முறை எழுந்தார்.
ஐந்து முறை கம்பளி விலை.
ஒருமுறை முயல்.
கடைசியாக,
பிறப்பால் வந்த இருக்கையே வேண்டாமென்ற மசோதா.
ஆதரித்துப் பேசிவிட்டு
அங்கியைத் திருப்பிக் கொடுத்து விமானம் ஏறினார்.
(அங்கி வாடகைக்குத்தான். நானே கேட்டேன்.)

இங்கே முதல் தேர்தல்.
ரொட்டிக்கடை டெஸ் கொவாச்சிடம்
நாற்பத்தொரு வாக்கில் தோற்றார்.
"எங்க வம்சத்துல தோக்கிற வாய்ப்பு
எனக்குத்தான் முதல்ல கெடச்சிருக்கு"
என்று சிரித்தார், எண்ணும் மேசையருகே.
பிறகு கார் சாவியை மூன்று பையிலும் துழாவினார்
கையில் வைத்துக்கொண்டே.

அடுத்த முறை கதவு கதவாகத் தட்டினார்.
எங்கள் வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்ததும்
சொல்லாமலே குனிந்து
பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார்.
ஜமீன் தெருவில் செருப்பைக்
கக்கத்தில் இடுக்கி நடந்தவர்கள் என் ஆட்கள்.
காலுறை ஓட்டையில் பெருவிரல் தெரிய
ஒரு பிரபு என் கூடத்தில் நின்றபோது
நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி, குரூரமானது.
உடனே வெட்கம்.
இரண்டையும் மறைக்க ரவா லாடு வைத்தேன்.
மூன்று தின்றார்.

மன்றத்தில் நல்லவர் என்று எழுதமாட்டேன்.
தூங்குவார்.
நூலகத்தின் மாலை நேரத்தைக் குறைக்கக்
கை தூக்கினார்; பதிவில் இருக்கிறது.
நீச்சல் குளத்தை மூடும் தீர்மானம்
மூன்றுக்கு மூன்றாய் நின்ற இரவில் மட்டும்
விழித்திருந்தார்.
"எங்க வீட்டுக்குன்னே ஒரு குளம் இருந்துது.
பத்து வயசு வரைக்கும் தனியாத்தான் நீந்தினேன்.
ஒருத்தர்கூட என்மேல தண்ணி அடிக்கல."
குறிப்பில் அது
'உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார்' என்று சுருங்கியது.
தீர்மானம் தோற்றது.

பிப்ரவரி வெயிலில், தானியக் கொட்டகையில், மாரடைப்பு.
ஆயிரத்தெண்ணூறு ஏக்கரைக் கட்டி ஆளும்
மகள் ஜெனிவீவுக்குப் பட்டம் போகாது.
நியூசிலாந்தில் டயர் விற்கும்
ஒன்றுவிட்ட தம்பி மகனுக்குப் போனது.
அந்நேரம் அவன் தூங்கியிருப்பான்,
தூக்கத்திலேயே பிரபுவாகியிருப்பான்.
பட்டம் ஒரு நொடியும் காலியாக இருப்பதில்லை:
ஒரு மூச்சு நின்ற இடத்தில்
அடுத்த ஆள் தயார்.

மன்ற நாற்காலியோ
பதினொரு வாரம் சும்மா கிடந்தது.
பெயர்ப்பலகையின் இரண்டு திருகாணியையும்
நான்தான் கழற்றினேன். ஒன்று துருப்பிடித்திருந்தது.

அறிவிப்பைத் தட்டச்சு செய்தேன்.
ஓர் இடம் காலி.
வாக்காளர் பட்டியலில் உள்ள எவரும் போட்டியிடலாம்.
'எவரும்' என்ற சொல்லை
இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

படிவம் இருபது அச்சானது.
ஜெனிவீவ் ஒன்று வாங்கி நாலாக மடித்தாள்.
டெஸ் இரண்டு கேட்டார்,
ஒன்றில் எப்படியும் மாவு படுமாம்.
மாலை, பூட்டுவதற்கு முன் எண்ணினேன்.
பதினாறு.
மறுபடி எண்ணவில்லை.